முதலில் அத்தைக்குப் போன விண்ணப்பம்

செந்தில்,

நீ அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தை வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடாததால் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்து நேற்று அப்பாவிடம் விசாரித்தாயாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத உட்கார்ந்தால் கடிதத்தைப் பற்றி எழுத வரவில்லை, உன் அத்தையைப் பற்றித்தான் எழுத வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வேலைக்கு மனுப் போடுகிற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். உன் அத்தையும் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன் கடிதம் என் போனுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே புதுவயலிலிருந்து உன் அத்தை பேசினார்கள். உன் மாமியார், கவிதாவைப் பெற்றவர், அரிசி ஆலை நடத்துகிறவர். அவர் பேசினால் பின்னாலேயே லாரியில் மூட்டை ஏற்றுகிற சத்தமும் சேர்ந்து கேட்கும். "மதினி, மாப்பிள்ளை லெட்டர் அனுப்பியிருந்தாக, பாத்தீகளா? நல்லா எழுதியிருக்காக. நாந்தேன் நம்ம மில்லுப் பேர மேலயே போடச் சொன்னேன்" என்றார்கள். நான் பார்த்தவள் மாதிரியே, நன்றாக வந்திருக்கிறது மதினி என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். காரைக்குடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தத் தெருவில் வேலைக்கு மனுப் போட்டவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள். நான் பெற்ற பிள்ளை தன் கடிதத்தை முதலில் நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு அனுப்பியிருக்கிறான். மறுநாள் எனக்கு வந்தபோது, "அத்தை சொன்ன திருத்தம் எல்லாம் போட்டுட்டேம்மா" என்று ஒரு வரி வேறு.

இதற்கு நல்ல பெயர் வைக்க நான் முயற்சி செய்யவில்லை. பொறாமைதான். இந்த வேலையே அப்படிப்பட்டது. புதுவயலில் புதிதாகத் தொடங்குகிற அரிசி ஏற்றுமதிக் கம்பெனி, அதன் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கிடைத்தால் நீ சென்னையை விட்டு வந்துவிடுவாய். ஆனால் வருவது இங்கே இல்லை. உன் அத்தை வீட்டு மாடியில் புதுத் தரை போட்டாகிவிட்டது, ஏசி மாட்டியாகிவிட்டது, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பார்த்துவிட்டார்களாம். காரைக்குடியிலிருந்து புதுவயல் பக்கம்தான், பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம். ஆனால் பிள்ளையைப் பார்க்க ஒரு தாய் பஸ் ஏறிப் போவதும், இன்னொரு தாய் மாடிப்படி ஏறிப் போவதும் ஒன்றாகிவிடுமா? நீ சென்னையில் இருக்கிற வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்குமே தூரமாக இருந்தாய். அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

உன் கடிதம் அப்படியே போனால் உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குப் படித்த உடனேயே தெரிந்துவிட்டது. "நல்லா இருக்கு, அப்படியே அனுப்பு" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் வெகு நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. உன் அத்தையும் அதையேதானே சொன்னார்கள். பிறகு, பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. காலையில் பாப்பா எழுந்திருக்கும் முன்னால் கிளம்பி, அவள் தூங்கினபிறகு வீட்டுக்கு வருகிறாய், ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்தால் அவளுக்கு விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது என்றாய். தட்டியதை அழித்துவிட்டேன். இந்த வேலை உனக்குக் கிடைக்கவேண்டும். அதற்கு நான் தெரிந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மனசு இருந்து சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதே.

பொறாமையில் ஒரு நன்மை இருக்கிறது. பொறாமைக்காரி படிக்கிற மாதிரி வேறு யாரும் ஒரு கடிதத்தைப் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் இது யார் சொல்லி எழுதியது என்று நான் தேடிக்கொண்டே போனேன். நீ ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரி உன் அத்தை. அடுத்த பத்தியில் வருகிற "ஈடுபாடும் உந்துதலும் மிக்க, விளைவுகளை நோக்கி உழைக்கும் தொழில்முறையாளர்" என்பது ஏஐ செயலி எழுதித் தந்தது. அதில் கேட்டு வாங்கிக்கொண்டாய், தப்பில்லை, ஆனால் அதே வரியை இன்றைக்கு அதே வேலைக்கு விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அது எழுதிக் கொடுத்திருக்கும். கடைசியில் வருகிற "மிகுந்த பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்" உன் அலுவலக நண்பனுடையதாக இருக்கவேண்டும், நீ யாரிடமும் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. முழுக்கப் படித்து முடித்தபிறகு, என் பிள்ளை எங்கே என்று தேடினேன். கையெழுத்துப் போட்ட இடத்தில் மட்டும் இருந்தாய். நான் தாய், நானே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உன்னை முன்னே பின்னே பார்க்காத ஒருவர், மேசையில் குவிந்து கிடக்கிற கடிதங்களில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பார், சொல்.

கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்கு மட்டும் எழுதினதாக இருக்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லுவேன். இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அன்னையர் தினத்துக்கு நீ எனக்கு அனுப்பிய வாழ்த்தை எடுத்துப் பார். நீளமாக, அழகாகத்தான் எழுதியிருந்தாய். என் பொறுமையையும் என் கைச் சமையலையும் புகழ்ந்திருந்தாய். படிக்கப் படிக்கக் கண் கலங்கியது. பாதியில் "அத்தை, உங்களைப் போல ஒருவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்" என்று வந்தது. அவர்களுக்கு எழுதினதை அப்படியே எனக்கும் அனுப்பியிருக்கிறாய், மேலே இருந்த அத்தையை மாற்றிவிட்டு நடுவில் இருந்த அத்தையை மாற்ற மறந்துவிட்டாய். அதற்கப்புறம் அந்த வாழ்த்தில் இருந்த நல்ல வார்த்தை ஒன்றுகூட என்னுடையதாகத் தெரியவில்லை. இப்போது நீ அனுப்பியிருக்கிற கடிதத்தின் மூன்றாவது பத்தியைப் பார். "மசாலாப் பொருள் துறையில் முன்னோடியான தங்கள் நிறுவனத்தில்" என்று இருக்கிறது. அவர்கள் விற்கப்போவது அரிசி. வேறு எங்கோ போட்ட மனுவிலிருந்து எடுத்தது அப்படியே நிற்கிறது. அதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்தது, உன்னைப் பற்றி நீயே சொல்லிக்கொள்கிற குணங்கள். நேர்மை, கடின உழைப்பு, பொறுப்பு என்று வரிசையாக வைத்திருக்கிறாய். என்னிடம் படித்த ஒரு பெண், கானாடுகாத்தானில் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறார்களே, அங்கே வரவேற்பில் வேலைக்கு எழுதவேண்டும் என்று வந்தாள். அவளும் இதே மூன்று வார்த்தைகளோடுதான் வந்தாள். அதற்கு முன்னால் இங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அங்கே உனக்கு மறக்க முடியாத நாள் எது என்று கேட்டேன். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கல்யாண வீட்டாரின் துணிப் பைகள் மாறிப் போயின, ஒருவர் கடையில் வந்து சத்தம் போட்டார், இவள் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ரசீதைப் பார்த்து இன்னொரு வீட்டுக்குப் போன் போட்டு, கடை ஆளை அனுப்பி இரண்டு பையையும் சேர்த்துவைத்தாள். சத்தம் போட்டவர் போகும்போது அவளுக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். அதை எழுது என்றேன். "இதெல்லாமா டீச்சர் எழுதுவாக" என்று கேட்டாள். எழுதினாள். பொறுப்பு என்ற வார்த்தையே அந்தக் கடிதத்தில் இல்லை. இப்போது அங்கே அவள்தான் வருகிறவர்களை வரவேற்கிறாள். உனக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும், அதை எழுது என்று சொல்லலாம் என நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் வேறு ஒருவர்.

முந்தாநாள் உன் அத்தை காரைக்குடிக்குக் கண் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள், நம் வீட்டுக்கும் வந்தார்கள். வழக்கம் போலப் புது அரிசி ஒரு சிப்பம். காப்பி குடித்துக்கொண்டே, உன் கடிதத்துக்கு நான் பதில் போட்டாயிற்றா என்று விசாரித்தார்கள். மில் பெயரை முதல் வரியில் வைத்தது சரியில்லை மதினி என்று நான் ஆரம்பித்தேன். அவர்களுக்குப் புரியவில்லை. நம் பக்கத்தில் வேலை கேட்டு யாரும் தனியாகப் போவதில்லை, தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். தனியாகப் போனாலும் தன் பெயரைச் சொல்லும் முன்னால் இன்னார் வீட்டு ஆள் என்று சொல்வார்கள். கடிதத்தில் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாததால், "புதுவயல் இன்ன ஆலை உரிமையாளரின் மருமகனாகிய நான்" என்று தன்னையே முதல் வரியில் உன் கூட அனுப்பியிருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் எங்கே அனுப்பினார்கள் என்று யோசிக்கவில்லை. "மதினி, ஒங்க மில்லும் அந்தப் புதுக் கம்பெனிக்காரவுகளும் ஒரே ஊருல ஒரே நெல்லத்தேன் வாங்கப் போறீக. எந்த லோடுல ஈரம் கூடுதல், எதைக் கழிச்சாக, எதை எடுத்தாகன்னு அம்புட்டும் இவன் கையில இருக்கும். சாயங்காலமானா ஒங்க வீட்டு மாடிக்கு வாரவன்கிட்ட அதை நம்பிக் குடுப்பாகளா?" என்று கேட்டேன்.

அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். இதை நான் சந்தோஷமாகப் பார்த்தேன் என்று எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. "அப்ப மறைக்கச் சொல்றீகளா?" என்று திருப்பிக் கேட்டார்கள். "யாரு யாரோட மருமகன்னு புதுவயல் டீக்கடையில கேட்டாச் சொல்லிருவாக. மறச்சு உள்ள நொழஞ்சான்னு நாளைக்கு ஒரு பேரு வந்தா மாப்பிள்ளை மூஞ்சிய எங்குட்டு வச்சுக்குவாக?" என்றார்கள். நான் அந்த வரியை அப்படியே எடுத்துவிடச் சொல்லத்தான் இருந்தேன். அவர்கள் அதோடு விடவில்லை. "ஒங்ககிட்ட குடுத்தா செவப்பு மையில சுழிச்சிருவீகன்னுதேன் மொதல்ல எனக்கு அனுப்பியிருக்காக. நானு நல்லாருக்குன்னு மட்டுந்தேன் சொல்லுவேன், அதுக்குத்தேன் எனக்கு வந்துச்சு" என்று சிரித்தார்கள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சை மாற்றவோ என்னவோ, அந்த மிளகாய்ப்பொடி விஷயத்தையாவது நீ எழுதியிருக்கலாம் என்றார்கள். எந்த மிளகாய்ப்பொடி என்று கேட்டேன். "ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று அவர்கள் கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு முழுதும் சொன்னார்கள். சென்னையில் நீ பரிசோதனை பார்க்கிற மசாலாக் கம்பெனியில், லாரியில் ஏற்றத் தயாராக இருந்த பொடியில் உனக்கு லேசாக ஈர வாடை அடித்ததாம், கருவி காட்டிய அளவு சரியாகத்தான் இருந்ததாம், அனுப்புகிற பிரிவுக்காரர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினாராம், நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாயாம். பிரித்துப் பார்த்தால் பைகளின் தையல் ஓரத்தில் ஈரக் காற்றுப் புகுந்து பொடி கட்டி தட்டியிருந்ததாம். அன்றைக்கு நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய் என்றும், கவிதா போனில் சொல்ல, அவர்கள் உன்னிடம் பேசினார்கள் என்றும் சொன்னார்கள். என் பிள்ளை திட்டு வாங்கிச் சாப்பிடாமல் இருந்த நாள் ஒன்று இருக்கிறது, அது எனக்கு ஒரு சம்பந்தி வழியாகத் தெரிய வேண்டியிருக்கிறது. அவர்கள் போனபிறகு, அவர்கள் கொண்டுவந்த அரிசியை உலையில் போட எனக்கு மனசு வரவில்லை. பழைய அரிசியைத்தான் வடித்தேன்.

என்றாலும் உன் கடிதத்தில் இருக்கவேண்டியது அதுதான் செந்தில். அரிசிக் கம்பெனிக்காரருக்கு வேறு என்ன வேண்டும்? கருவி சரியென்று சொன்னாலும் மூக்கு சொல்வதைக் கேட்டு நின்றவன், திட்டுக்குப் பயந்து கையெழுத்துப் போடாதவன். நேர்மை, கடின உழைப்பு, பொறுப்பு என்கிற அந்த மூன்று வார்த்தைகளையும் அடித்துவிட்டு இதை நாலு வரியில் எழுது. திட்டியவரைக் குறைவாக எழுதாதே, உன்னைப் பெரிதாகவும் எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது. அதற்கு முன்னால் முதல் வரியில், எந்த வேலைக்கு எழுதுகிறாய், அந்த வேலையில் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பது வந்துவிடட்டும். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" என்று ஆளைப் பார்க்காமல் கும்பிடாதே. கம்பெனிக்குப் போன் செய்து, விண்ணப்பங்களைப் பார்ப்பவர் பெயர் என்ன என்று கேள், சொல்லுவார்கள். பயோடேட்டாவில் இருப்பதையெல்லாம் மறுபடி இங்கே கொட்டாதே. ஒரு பக்கத்துக்குள் முடி.

மில் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வரியிலும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். கடைசிக்கு முந்தின பத்தியில் ஒளிவு மறைவு இல்லாமல் போடு. என் மனைவி வீட்டார் இதே ஊரில் அரிசி ஆலை நடத்துகிறார்கள், எனக்கு அதில் பங்கோ வேலையோ கிடையாது, தங்களுக்கு இது முதலில் என் மூலமாகத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன் என்று மூன்றே துண்டு. ஆங்கிலத்தில் நீ எழுதிக்கொள்வாய். வேலை கேட்கிறவன் தனக்குப் பாதகமானதைத் தானே முன்வந்து சொன்னால், மற்ற வரிகளையும் நம்பிப் படிப்பார்கள். இந்த யோசனையில் பாதி உன் அத்தையுடையது. அவர்கள் அப்படித் திருப்பிக் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். மாடியில் குடியிருக்கப் போவதை மட்டும் ஒரு தடவை யோசி. காரைக்குடியிலிருந்து தினம் போய்வருகிறவன் என்றால் அந்தக் கம்பெனிக்காரருக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இதை அக்கறையில் சொல்கிறேனா, வேறு எதிலோ சொல்கிறேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நீயே பிரித்துக்கொள்.

இன்னும் ஒரே ஒரு பத்தி பாக்கி இருக்கிறது. ஏன் அந்த இடம், ஏன் இப்போது என்பது. உன் கடிதத்தில் அது "சொந்தப் பகுதிக்குத் திரும்பிக் குடும்பத்தாருடன் வாழ விரும்புகிறேன்" என்று இருக்கிறது. உனக்கு ஊருக்கு வர ஆசை என்பதற்காக யாரும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். வந்தவன் பாதியில் விட்டுப் போகமாட்டான் என்பதற்கு வேண்டுமானால் அது ஒரு அரை வரி. மிச்சத்துக்கு உன்னிடம்தான் பதில் இருக்கவேண்டும். இதுவரை மற்றவர்கள் அமைத்துவைத்த கூடத்தில் வேலை பார்த்தாய், இங்கே முதல் மேசையிலிருந்து நீயே போடலாம் என்பது காரணமா? பாப்பா முழித்திருக்கும்போது வீட்டுக்கு வருவதா? எனக்குத் தெரியாது. இந்தப் பத்தியை எழுதிக் கொடுக்க நாலைந்து தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் "குடும்பத்தார்" என்கிற வார்த்தையில் நான் இருக்கிறேனா, அவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போறது அவனா, இல்ல நீங்க ரெண்டு பேருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேனாவை மூடிவிட்டேன்.

அதனால் கடைசிப் பத்தியை நீ ஒருவனே எழுது. செயலியிடமும் கேட்காதே. எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார், உன் குரலில் வருகிறதா என்று. வந்தால் நேராகக் கம்பெனிக்கே அனுப்பிவிடு. அதற்கு முன்னால் எனக்கு அனுப்பாதே. நான் சுழிப்பேன். உன் அத்தைக்கும் அனுப்பாதே.

அம்மா